கடலூர், புதுச்சேரி மழைப் பதிவேடுகளைக் கொண்டு மழைமிகு காலங்களையும் வறண்ட காலங்களையும் கண்டறிவது எப்படி?

நம் பகுதியில் எந்தெந்த ஆண்டுகள் மழை மிகுந்தவை, எந்தெந்த ஆண்டுகள் தொடர்ந்து வறண்டவை என்ற கேள்விக்கு நினைவை மட்டும் நம்பி விடை சொல்ல முடியாது. 2015 நவம்பர் வெள்ளத்தைக் கடலூரில் மறந்தவர் இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் 62 விழுக்காடு குறைந்து, 44 செ.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் 17 செ.மீ.கூட நிறையாமல் போனது எந்த ஆண்டு என்று கேட்டால், அது அதற்கு அடுத்த ஆண்டேயான 2016 என்று சொல்லப் பலர் தயங்குகிறார்கள். வெள்ளம் ஒரே இரவில் வருவதால் தேதியோடு மனத்தில் பதிகிறது. வறட்சி மெல்ல வந்து மெல்லப் போவதால் அதன் தொடக்கமும் முடிவும் கலங்கிவிடுகின்றன. அந்தத் தொடக்கத்தையும் முடிவையும் மழைப் பதிவேடுகளிலிருந்துதான் மீட்டெடுக்க முடியும்.

ஊர் வரலாறு எழுதுவோர், கல்லூரி மாணவர்கள், ஏரிப் பாசன விவசாயிகள் சங்கத்தினர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எக்செல்லில் கூட்டலும் சராசரியும் போடத் தெரிந்தால் போதும். நான் இந்த வேலையில் இறங்கியபோது எதை முதலில் செய்வது, எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்று சொல்ல ஆளில்லாமல் மிகவும் அலைய நேர்ந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வேலையில் பெரும்பகுதி கணக்குப் போடுவது அன்று, கணக்குப் போடத் தகுந்த ஒரு மழைத் தொடரை உருவாக்குவதுதான். அதில் அவசரப்பட்டால் பின்னால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

1. இடத்தையும் பருவத்தையும் ஆண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள்

"கடலூர் மழை" என்றால் எந்தக் கடலூர் என்பது முதல் கேள்வி. கடலூர் நகரத்து மழைமானியா, கடலூர் வட்டமா, மாவட்டச் சராசரியா என்பதைப் பொறுத்து விடை மாறும். இன்றைய கடலூர் மாவட்டம் 1993-இல் தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது உருவானது. அதற்கு முந்தைய அறிக்கைகளில் உள்ள "மாவட்டச் சராசரி" விழுப்புரம், திண்டிவனம், கள்ளக்குறிச்சிப் பக்கங்களையும் சேர்த்தது. அந்த எண்ணை இன்றைய மாவட்டச் சராசரியோடு ஒட்டினால், எல்லை மாறியதால் வந்த வேறுபாடு மழை மாறியதாகத் தோன்றும். ஆகவே மாவட்டச் சராசரியை ஒதுக்கிவிட்டு, தனித்தனி மழைமானி நிலையங்களிலிருந்தே தொடங்குங்கள்.

புதுச்சேரிக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையாகப் பொருந்தும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் காரைக்காலும், கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழையை வாங்கும் மாகேயும், கோதாவரி முகத்துவாரத்தை ஒட்டிய ஏனாமும் அடங்கும். இந்த நான்கையும் சேர்த்துப் போட்ட சராசரி எந்த ஊரின் மழையையும் காட்டாது. அப்படி ஓர் எண் அறிக்கையில் கண்ணில் பட்டால் எடுத்தாளாதீர்கள்.

அடுத்தது ஆண்டு. நம் கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. சில ஆண்டுகளில் அது ஜனவரி வரை நீள்கிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணினால் ஒரே பருவத்தின் வால் அடுத்த ஆண்டின் கணக்கில் விழுந்துவிடும். ஜூன் முதல் மே வரை ஓர் ஆண்டு என்று கொண்டால் தென்மேற்கும் வடகிழக்கும் முழுமையாக ஒரே ஆண்டுக்குள் அடங்கும். வருவாய்த் துறைப் பதிவேடுகளும் பழைய பருவ, பயிர் அறிக்கைகளும் பசலி ஆண்டில் இருக்கும். பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. எந்த ஆண்டு முறையை எடுத்தாலும் கடைசி வரை அதையே பின்பற்றுங்கள்.

2. எந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது

வீட்டிலிருந்தபடியே கட்டணமின்றிப் பெறக்கூடியதிலிருந்து தொடங்குவது நல்லது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம் 1901 முதல் நாடு முழுவதற்குமான தினசரி மழையை கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்து இணையத்தில் வெளியிடுகிறது. கடலூர் நகரம் ஏறத்தாழ 11.75 வடக்கு, 79.75 கிழக்கு என்ற கட்டப் புள்ளியிலேயே அமைந்திருக்கிறது. புதுச்சேரிக்கு அதற்கு வடக்கேயுள்ள 12.00 புள்ளியை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆண்டும் தனிக் கோப்பாக இருக்கும். விடுபட்ட இடங்களில் -999 என்ற எண் நிற்கும். அதை நீக்காமல் கூட்டிவிட்டால் மொத்தமே தலைகீழாகிவிடும்.

இந்தக் கட்டத் தரவை முதல் வரைவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அது மழைமானியில் நேராக அளந்த எண் அன்று, சுற்றியுள்ள நிலையங்களிலிருந்து இடைக்கணித்துப் பெற்ற எண். மொத்தம் 6,955 நிலையங்களின் பதிவுகள் இதில் பயன்பட்டிருந்தாலும், எல்லா நிலையங்களும் எல்லா ஆண்டுகளிலும் இயங்கவில்லை. அருகில் இருந்த ஒரு மழைமானி நின்றுபோன ஆண்டிலிருந்து உங்கள் கட்டத்தின் தன்மையே மாறியிருக்கலாம், அது வரைபடத்தில் வறண்ட காலம்போலத் தெரியலாம்.

உண்மையான நிலையப் பதிவுகளுக்கு நான்கு வழிகள் உண்டு. முதலாவது, வானிலை ஆய்வுத் துறை. கடலூரிலும் புதுச்சேரியிலும் அதன் நிலையங்கள் உள்ளன; பழைய தினசரிப் பதிவுகளுக்குப் புனேயில் உள்ள தரவு மையத்திடம் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது, வருவாய்த் துறையும் மாவட்டப் புள்ளியியல் அலுவலகமும். செய்தித்தாளில் மழைக் காலத்தில் தினமும் வரும் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள்: பரங்கிப்பேட்டை, அண்ணாமலை நகர், சேத்தியாத்தோப்பு, லால்பேட்டை, கொத்தவாச்சேரி, பெலாந்துறை, தொழுதூர், லக்கூர், கீழச்செருவாய், குப்பநத்தம், மே.மாத்தூர் என்று நீளும் அந்தப் பட்டியலின் அடிப்படை இவர்களிடம் சேரும் பதிவுகள்தான். மூன்றாவது, அணைக்கட்டுகளிலும் ஏரிகளிலும் நீர்வளத் துறை வைத்திருக்கும் மழைமானிகள். நான்காவது, ஆராய்ச்சி நிலையங்கள்: பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம், விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம், கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம், அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம் போன்றவை. என் கணிப்பில் புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த நான்காவது வழியைத்தான். பயிர் ஆய்வுக்கு மழை அளவு அன்றாடம் தேவைப்படுவதால் அங்கே மழைமானியை ஒழுங்காகப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது.

சுதந்திரத்துக்கு முந்தைய காலத்துக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும், பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக்குப் புதுச்சேரியில் இயங்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையத்தையும் நாட வேண்டும். பழைய மாவட்ட விவரத் தொகுப்பான தென்னாற்காடு கெசட்டியரையும் புரட்டிப் பாருங்கள். ஆனால் சராசரி மட்டும் அச்சான அட்டவணையை வைத்துக்கொண்டு எந்த ஆண்டு வறண்டது என்று கண்டறிய முடியாது.

3. விண்ணப்பம், செலவு, காலம்

கையில் இருக்க வேண்டியவை: ஆதார் அட்டையின் நகல், மாணவராக இருந்தால் துறைத் தலைவர் கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதம், எந்த நிலையம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, தினசரியா மாத மொத்தமா, எதற்காக என்பதை ஒரே பக்கத்தில் சொல்லும் விண்ணப்பம். நிறுவனம் சாராதவர்கள் ஊர் நூலகம், பள்ளி, விவசாயிகள் சங்கம் என ஏதேனும் ஓர் அமைப்பின் கடிதத்தோடு போவது நல்லது. ஆவணக் காப்பகங்களில் பரிந்துரைக் கடிதமும் அடையாள அட்டையும் கேட்பது வழக்கம். வெளியூரிலிருந்து புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்மொழியாகக் கேட்டு விடை வராத இடத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். பதிவேட்டை நேரில் பார்வையிடக் கேட்டால் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. "கடந்த 60 ஆண்டுகளில் வறட்சி ஆண்டுகள் எவை?" என்று கேட்டால் "அத்தகைய தொகுப்பு இவ்வலுவலகத்தில் இல்லை" என்ற ஒரு வரிப் பதில் வரும். அலுவலகம் புதிதாகத் தொகுத்துத் தரக் கடமைப்பட்டதன்று. இருக்கும் ஆவணத்தின் நகலைத் தருவதுதான் அதன் கடமை. எனவே "இன்ன மழைமானி நிலையத்தின் தினசரி மழைப் பதிவேட்டின் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரையிலான பக்கங்களின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு பக்கமாக, 31 வரிசையும் 12 பத்தியும் (நெடுவரிசையும்) கொண்ட படிவத்தில் இருந்தால், ஒரு நிலையத்தின் 50 ஆண்டுகளுக்கு 50 பக்கம், 100 ரூபாய். ஐந்து நிலையங்களுக்கு 500 ரூபாய். நகல் மங்கலாக இருக்கும் என்ற ஐயம் இருந்தால் நேரில் பார்வையிட அனுமதி கேட்டு, செல்பேசியில் படம் எடுக்க இசைவு பெறுங்கள்.

எப்போது போகிறீர்கள் என்பதும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முதல் கிராம நிர்வாக அலுவலர் வரை அனைவரும் புயல், வெள்ளப் பணியில் இருப்பார்கள். மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி (கிராம வருவாய்க் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) வேலை நடக்கும். மார்ச் நிதியாண்டின் முடிவு. ஆகவே பிப்ரவரியோ ஜூலை, ஆகஸ்டோ உகந்த காலம். அந்த மாதங்களில் போனால் பழைய பதிவேடுகளைத் தேடித் தர ஊழியர்களுக்கும் நேரம் இருக்கும்.

4. உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள்

பதிவேட்டை எக்செல்லில் ஏற்றும்போது இரண்டு தாள்கள் வையுங்கள். முதல் தாளில் பதிவேட்டில் கண்டதை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே எழுதுங்கள். அலகு மாற்றுவது, திருத்துவது எல்லாம் இரண்டாம் தாளில். ஒருவர் உரக்க வாசிக்க மற்றொருவர் உள்ளிடுவது வேகமானது, பிழையும் குறையும். ஒவ்வொரு மாதத்தின் கூட்டுத்தொகையையும் பதிவேட்டின் அடியில் எழுதியிருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் உங்கள் கையெழுத்து வாசிப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய கூட்டலே பிழையாக இருப்பதும் உண்டு.

பிரிட்டிஷ் நிர்வாகத்தின் பதிவேடுகளில் மழை அங்குலத்திலும் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கான சென்டிலும் இருக்கும். இந்தியாவில் மில்லிமீட்டருக்கு மாறியது 1950களின் பிற்பகுதியில். பக்கத்தில் "3 47" என்று இருந்தால் அது 3.47 அங்குலம், 25.4-ஆல் பெருக்கினால் 88.1 மி.மீ. இடைவெளியைக் கவனிக்காமல் 347 மி.மீ. என்று ஏற்றினால் அந்த ஒரு நாளே அந்த ஆண்டை மழைமிகு ஆண்டாக மாற்றிவிடும். இவ்வளவு பெரிய எண் தென்பட்டால் அதே நாளில் பக்கத்து நிலையத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

1954 வரையிலான புதுச்சேரிப் பதிவுகளில் சிக்கல் வேறு வகை. அவை மில்லிமீட்டரில்தான் இருக்கும். ஆனால் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவது பிரெஞ்சு வழக்கம். "12,5" என்பது 12.5 மி.மீ. பிரெஞ்சுக் கையெழுத்தில் ஒன்று என்ற எண்ணின் தலைக்கோடு நீளமாக இருப்பதால் நம் கண்ணுக்கு ஏழுபோலத் தெரியும். ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு இருக்கும். ஜூன், ஜூலை மாதங்களின் பிரெஞ்சுப் பெயர்கள் சுருக்கி எழுதப்படும்போது எளிதில் குழம்பும்.

தேதியிலும் கவனம் தேவை. வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை 8.30-இல் தொடங்கி மறுநாள் காலை 8.30-இல் முடிகிறது, முடியும் நாளின் தேதியிலேயே அளவு பதிவாகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் கொட்டிய ஏறத்தாழ 48 செ.மீ. மழை, பதிவேட்டில் டிசம்பர் 1-ஆம் தேதியில் நிற்கிறது. மாத மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது நவம்பர் மழையே அன்று. செய்தித்தாள் தேதியோடு பதிவேட்டுத் தேதி ஒரு நாள் தள்ளி இருந்தால் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

5. வெற்றிடம் வேறு, பூச்சியம் வேறு

இந்த வேலை முழுவதிலும் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தப் படியைத்தான். கட்டத்தில் பூச்சியம் இருந்தால் மழை இல்லை என்று பொருள். கட்டம் வெறுமையாக இருந்தால் அளக்கவில்லை என்றும் இருக்கலாம், மழை இல்லாததால் எழுதாமல் விட்டார்கள் என்றும் இருக்கலாம். ஒரே பதிவேட்டில் ஓர் எழுத்தர் காலத்தில் கோடு போடுவதும், அடுத்தவர் காலத்தில் வெறுமையாக விடுவதும் நடக்கும். ஏப்ரலில் வெறுமை இருந்தால் மழை இல்லை என்று கொள்வதில் பெரிய ஆபத்து இல்லை. நவம்பரில் ஒரு வாரம் முழுவதும் வெறுமையாக இருந்து, அதே வாரத்தில் சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் மழை பதிவாகியிருந்தால், அங்கே அளவு விடுபட்டிருக்கிறது என்று துணியலாம். ஞாயிறு, விடுமுறை நாட்களில் அளக்காமல் திங்களன்று சேர்த்து எழுதியிருப்பார்கள். மொத்தம் சரியாக இருக்கும், மழைநாள் எண்ணிக்கை குறையும்.

வடகிழக்குப் பருவத்தின் ஒரு மாதம் முழுவதும் விடுபட்ட ஆண்டை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த இடத்தைச் சராசரியால் நிரப்பினால் உண்மையான உச்சமும் பள்ளமும் மழுங்கிவிடும். பூச்சியத்தால் நிரப்பினால் இல்லாத வறட்சி பிறந்துவிடும். வரைபடத்தில் இடைவெளி தெரிவது குறையன்று. சில நாட்கள் மட்டும் விடுபட்டிருந்தால் அண்டை நிலையங்களைக் கொண்டு மதிப்பிடலாம், அத்தகைய எண்ணை வேறு நிறத்தில் குறித்துவையுங்கள்.

அடுத்து, தொடர் நெடுகிலும் ஒரே தன்மையுடையதா என்று பார்க்க வேண்டும். மழைமானி வேறு வளாகத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அருகில் வளர்ந்த வேப்பமரமோ புதிதாக எழுந்த மாடிக் கட்டடமோ காற்றோடு சாய்ந்து வரும் மழையை மறைக்கலாம். ஒரு தடுப்பின் உயரத்தைப் போல இரு மடங்கு தொலைவாவது தள்ளி மழைமானி இருக்க வேண்டும் என்பது விதி. பழைய வட்ட அலுவலக வளாகங்களில் இதைக் கண்ணால் பார்த்தே சரிபார்க்கலாம். கணக்கில் சரிபார்க்க இரட்டைத் திரட்டு வரைபடம் உதவும். கடலூரின் ஆண்டு மழையை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே வந்து ஓர் அச்சில் குறியுங்கள். பண்ருட்டி, பரங்கிப்பேட்டை, சிதம்பரம், குறிஞ்சிப்பாடி ஆகிய அண்டை நிலையங்களின் சராசரியை அதேபோலக் கூட்டி மற்ற அச்சில் குறியுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் போனால் நல்லது. ஓர் ஆண்டிலிருந்து கோடு முறிந்து வேறு சாய்வில் போனால், அந்த ஆண்டில் மாறியது மழையன்று, மழைமானியின் நிலைமைதான். ஒப்பிடும் நிலையங்களை அருகிலேயே தேர்ந்தெடுங்கள். மேற்கே திட்டக்குடிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் பங்கு கூடுதல் என்பதால் தொழுதூரைக் கடலூர்த் துறைமுகத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது.

6. எதைவிட அதிகம், எதைவிடக் குறைவு?

மழைமிகு ஆண்டு, வறண்ட ஆண்டு என்பவை ஓர் இயல்பு அளவோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுபவை. வானிலை ஆய்வுத் துறை அந்த இயல்பு அளவை அவ்வப்போது புதுப்பிக்கிறது. 1951–2000, 1961–2010, 1971–2020 என்று அடிப்படைக் காலம் நகர்ந்து வந்திருக்கிறது. ஆகவே பழைய அறிக்கையில் அச்சான "இயல்பைவிட 18 விழுக்காடு குறைவு" என்பதை இன்றைய அறிக்கையின் விழுக்காட்டோடு அருகருகே வைக்கக் கூடாது. மி.மீ. அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, நீங்களே ஓர் அடிப்படைக் காலத்தைத் தேர்ந்து எல்லா ஆண்டுகளுக்கும் விழுக்காட்டைப் புதிதாகக் கணக்கிடுங்கள். குறைந்தது 30 ஆண்டுகள் வேண்டும்.

துறையின் வகைப்பாடு எளிமையானது: இயல்பிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பு, 20 முதல் 59 வரை கூடினால் மிகை, 60-ம் அதற்கு மேலும் பெருமிகை, 20 முதல் 59 வரை குறைந்தால் பற்றாக்குறை, 60-ம் அதற்கு மேலும் குறைந்தால் பெரும் பற்றாக்குறை. மழை ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக ஏறி இறங்கும் நம் கரையில் இந்த 20 விழுக்காட்டு எல்லையை அடிக்கடி தாண்டுவோம். அதனால் தரவரிசை முறையைக் கூடவே செய்து பாருங்கள். எல்லா ஆண்டுகளையும் குறைந்த மழையிலிருந்து அடுக்கி, ஓர் ஆண்டின் வரிசை எண்ணை மொத்த ஆண்டுகளோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுங்கள். 60 ஆண்டுகளில் கீழிருந்து ஆறாவது என்றால் 6-ஐ 61-ஆல் வகுக்க, ஏறத்தாழ 10 விழுக்காடு வரும். பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வறட்சி என்று அதைச் சொல்லலாம்.

ஆண்டு மொத்தம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே புயல் இரண்டு நாட்களில் பாதிப் பருவத்தின் மழையைக் கொட்டிவிட்டுப் போனால் ஆண்டு மொத்தம் மிகையாகிவிடும். கெடிலத்திலும் பெண்ணையாற்றிலும் அது கடலுக்குப் போய்ச் சேர, அடுத்த மாதமே மானாவாரிப் பயிர் சாவியாகலாம். எனவே 2.5 மி.மீ.க்குக் குறையாமல் பெய்த மழைநாட்களின் எண்ணிக்கையையும், மிக அதிகமாகப் பெய்த மூன்று நாட்களை நீக்கிய மொத்தத்தையும் தனிப் பத்திகளில் வையுங்கள். மூன்று பத்திகளும் ஒரே பக்கம் சாயும் ஆண்டைத்தான் நான் உறுதியாக மழைமிகு ஆண்டு என்றோ வறண்ட ஆண்டு என்றோ எழுதுகிறேன்.

7. ஆண்டிலிருந்து காலத்துக்கு: திரட்டு விலகல் வரைபடம்

தொடர்ச்சியான காலத்தைக் கண்டறியப் புதியவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஒவ்வோர் ஆண்டின் மழையிலிருந்தும் சராசரியைக் கழித்து, அந்த விலகல்களைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். எடுத்துக்காட்டாக ஐந்து ஆண்டுகளின் மழை 1000, 1100, 1350, 1500, 1050 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1200. விலகல்கள் -200, -100, +150, +300, -150. திரட்டினால் -200, -300, -150, +150, 0. கோடு இறங்கும் ஆண்டுகள் வறண்டவை, ஏறும் ஆண்டுகள் மழை மிகுந்தவை.

பலர் தவறுவது கோட்டின் உயரத்தைப் படிப்பதில். கோடு உயரத்தில் இருப்பதால் அது மழைமிகு காலம் ஆகாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மட்டுமே பொருள் தரும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் மூன்றாம் ஆண்டில் கோடு பூச்சியத்துக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் அந்த ஆண்டு நல்ல மழை. முழுத் தொடரின் சராசரியைக் கழிப்பதால் கோடு எப்போதும் பூச்சியத்தில் முடியும். அதைப் பார்த்து "மழை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது" என்று எழுதக் கூடாது.

அடுத்தடுத்த ஐந்து அல்லது பத்து ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, ஒவ்வோர் ஆண்டாக நகர்த்திக்கொண்டே போகும் நகரும் சராசரியும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் நான் தயக்கத்தோடுதான் கை வைப்பேன். வெள்ள ஆண்டான 2015-ஐயும் வறட்சி ஆண்டான 2016-ஐயும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டுமே நடக்காததுபோலத் தோன்றும். அதைவிடக் கெட்டது, நகரும் சராசரி தொடர்பே இல்லாத எண்களிலும் அலைபோன்ற ஏற்ற இறக்கங்களைத் தானாக உருவாக்கும் இயல்புடையது என்பது.

8. சீர்தர மழைக் குறியீடு

ஒரு காலத்தின் மழை அந்த இடத்தின் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும், உலக வானிலை அமைப்பு வறட்சியை அளக்கப் பரிந்துரைக்கும் குறியீடு இது (ஆங்கிலத்தில் SPI). 1993-இல் அமெரிக்காவின் கொலராடோவில் மெக்கீ, டோஸ்கன், கிளைஸ்ட் ஆகியோர் உருவாக்கியது. இதைக் கணக்கிடும் இலவச மென்பொருள்கள் உண்டு. மாத மழையைக் கொடுத்தால் போதும். குறியீடு -1-க்குக் கீழே போனால் மிதமான வறட்சி, -1.5-க்குக் கீழே கடும் வறட்சி, -2-க்குக் கீழே மிகக் கடும் வறட்சி. கூட்டல் பக்கமும் அதே அளவில் மழைமிகுதி. குறியீடு தொடர்ந்து எதிர்மறையாக இருந்து -1-ஐத் தொட்டால் அது வறட்சிக் காலம், மீண்டும் நேர்மறையாகும்போது அந்தக் காலம் முடிகிறது. தொடக்கமும் முடிவும் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதே இதன் சிறப்பு.

எத்தனை மாதக் குறியீடு என்பதைத் தேர்வதில் நம் ஊருக்கென்று ஒரு கவனம் வேண்டும். டிசம்பரில் முடியும் மூன்று மாதக் குறியீடு வடகிழக்குப் பருவத்தை நேராகக் காட்டும். ஆனால் மார்ச்சில் முடியும் மூன்று மாதக் குறியீட்டை நம்பாதீர்கள். அந்த மாதங்களில் பல ஆண்டுகள் பூச்சியமாகவே இருப்பதால் ஒரு சிறு தூறல்கூட "மிகு மழை" என்று காட்டிவிடும். நிலத்தடி நீரையும் ஏரிகளையும் பற்றிய கேள்வியானால் 12, 24 மாதக் குறியீடுகளே ஏற்றவை.

9. தற்செயலா என்று குலுக்கிப் பாருங்கள்

வறண்ட காலம் ஒன்று கிடைத்துவிட்டது என்று மகிழும் இடத்தில் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ஆண்டு மழை ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் விழுந்தாலும்கூட, நூறு ஆண்டுத் தொடரில் ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து நடு அளவுக்குக் கீழே அமைவது இயற்கை. எக்செல்லில் ஆண்டுகளின் மழை அளவுகளைத் தற்செயல் எண்களைக் கொண்டு குலுக்கி வரிசை மாற்றி, அதே திரட்டு வரைபடத்தை மீண்டும் வரையுங்கள். பல முறை செய்யுங்கள். குலுக்கிய வரைபடங்களிலும் அதே நீளத்துக்கு இறக்கங்கள் எளிதில் வந்தால், நீங்கள் கண்ட காலம் உண்மையாகவே வறண்டிருந்தது என்று சொல்லலாம், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சுழற்சியோ நிரந்தர மாற்றமோ இருக்கிறது என்று சொல்ல முடியாது. "முப்பது ஆண்டுக்கு ஒருமுறை பஞ்சம் வரும்" என்பது போன்ற முடிவுகள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் நிற்பதில்லை.

எத்தனை ஆண்டுகள் தொடர்ந்தால் அதைக் "காலம்" என்று கொள்வீர்கள், இடையில் ஒரு நல்ல ஆண்டு வந்தால் காலம் அறுபடுமா என்பதை வரைபடத்தைப் பார்க்கும் முன்பே எழுதிவையுங்கள். பார்த்த பிறகு விதி செய்தால், வேண்டிய விடைக்கு ஏற்றபடி விதி வளைந்துவிடும்.

10. பிற ஆவணங்களோடு உரசிப் பாருங்கள்

ஜமாபந்திக் கணக்குகளில் பயிர்ச் சேதத்துக்காகத் தீர்வை (நிலவரி) தள்ளுபடி செய்த ஆண்டுகளும், வீராணம், பெருமாள் ஏரி, வெலிங்டன் நீர்த்தேக்கம், ஊசுடேரி ஆகியவற்றின் நீர்மட்டப் பதிவுகளும் நல்ல சாட்சிகள். ஆனால் ஏரி நிரம்பியது உள்ளூர் மழையாலா, மேலிருந்து வந்த வரத்தாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வீராணத்துக்குக் கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியே காவிரி நீர் வருகிறது; அது நிரம்பிய ஆண்டில் காட்டுமன்னார்கோவிலில் மழை குறைந்திருக்கலாம்.

முதியவர்களிடம் கேட்கும்போதும் கோயில், குடும்பக் குறிப்புகளைப் பார்க்கும்போதும் தமிழ் வருடப் பெயர் கிடைக்கும். அது 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்பது பெரும் பஞ்சம் தொடங்கிய 1876-77-ஆகவும் இருக்கலாம், 1936-37-ஆகவும் இருக்கலாம், 1996-97-ஆகவும் இருக்கலாம். சித்திரையில் தொடங்குவதால் அந்த வருடத்தின் ஐப்பசி, கார்த்திகை மழை முதல் ஆங்கில ஆண்டையே சேரும். சொன்னவரின் வயதையும், பேச்சில் வரும் வேறு நிகழ்ச்சியையும் கொண்டு ஆண்டை உறுதி செய்த பிறகே பதிவேட்டோடு பொருத்துங்கள்.

முடிவை எழுதும்போது நிலையத்தின் பெயர், அடிப்படைக் காலம், ஆண்டு தொடங்கும் மாதம், நீக்கிய ஆண்டுகள், மதிப்பிட்டு நிரப்பிய நாட்கள் ஆகிய ஐந்தையும் வரைபடத்தின் அடியிலேயே குறிப்பிடுங்கள். பதிவேட்டின் படங்களையும், மாற்றம் செய்யாத முதல் தாளையும் இரண்டு இடங்களில் சேமித்து, ஒரு படியை ஊர் நூலகத்திலோ கல்லூரியிலோ கொடுத்துவையுங்கள். தாலுகா அலுவலகப் பதிவேடுகள் ஈரத்திலும் கரையானிலும் அழிந்துகொண்டிருக்கின்றன. நீங்கள் எடுத்த படமே சில ஆண்டுகளில் ஒரே படியாக எஞ்சக்கூடும்.